கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாதது

சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு குன்று உண்டு. அதன் பெயர் டெலிகிராப் ஹில். தங்கம் தேடி உலகெங்குமிருந்து மனிதர்கள் வந்து குவிந்த காலத்தில், 1850 ஆம் ஆண்டளவில், அந்தக் குன்றின் உச்சியில் ஒரு கம்பம் நின்றது. அதில் இரு மரக்கைகள். கப்பலொன்று வளைகுடாவுக்குள் நுழைந்தால் அது எவ்வகைக் கப்பல் என்பதை அக்கைகளின் நிலை சொல்லும். கீழே காத்திருந்த வணிகர்களுக்கு அது சந்தைச் செய்தி. கப்பல்களை விபத்திலிருந்து காப்பது அக்கம்பத்தின் வேலையாக இருக்கவில்லை.

கரையிலிருந்து கப்பல்களைக் கண்காணித்து வழிநடத்தும் தொழிலுக்கு ராடரே அடித்தளமிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1948 இல், பிரித்தானியாவின் லிவர்பூல் துறைமுகம் மூடுபனியிலும் கப்பல்களைக் காணத்தக்க ராடர் நிலையத்தை அமைத்தது. கட்டுப்பாட்டாளருக்குக் கண் கிடைத்தது. கண்டதைக் கப்பலுக்குச் சொல்லும் வழியும், சொன்னதைக் கேட்கவேண்டிய கட்டாயமும் வேறு விடயங்கள்.

1971 ஜனவரி 18 ஆம் திகதி அதிகாலை, கோல்டன் கேற் பாலத்தருகே அடர்ந்த மூடுபனி. அரிசோனா ஸ்ராண்டர்ட், ஒறிகன் ஸ்ராண்டர்ட் என்னும் இரு எண்ணெய்க் கப்பல்கள், ஒன்று உள்ளே வர, மற்றது வெளியே செல்ல, மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. கரையோரக் காவல்படை அப்போது பரிசோதனையாக நடத்திவந்த ராடர் நிலையத்தின் திரையில் இரு புள்ளிகளும் நெருங்கி வருவது தெரிந்தது. ஆனால் கப்பல்கள் இரண்டும் ஒரே வானொலி அலைவரிசையில் இருக்கவில்லை. அந்த நிலையத்துடன் தொடர்பு வைத்திருப்பதும் கட்டாயமல்ல, விருப்பத்தைப் பொறுத்தது. சுமார் 8 இலட்சம் கலன் எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெயில் தோய்ந்த பறவைகளைக் கழுவக் கடற்கரைக்கு ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர்.

அந்தக் காட்சி சட்டத்தை அசைத்தது. கப்பல் தளங்களுக்கிடையே நேரடி வானொலித் தொடர்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. 1972 இல் வந்த துறைமுக மற்றும் நீர்வழிப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான வேளைகளில் கப்பல்களின் நகர்வைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கரையோரக் காவல்படைக்கு வழங்கியது. பார்த்தவருக்குக் குரலும் கிடைத்தது. ஏட்டளவில் அதிகாரமும் கிடைத்தது.

எனினும் அந்த அதிகாரத்தை அவர் எளிதில் எடுப்பதில்லை. அதற்கு நியாயமும் உண்டு. திரையில் தெரிவது ஒரு புள்ளி. அங்கு வீசும் காற்றையும், அடியில் இழுக்கும் நீரோட்டத்தையும், இயந்திரத்தின் போக்கையும் அறிந்தவர்கள் கப்பலில் நிற்பவர்கள். பெருங்கப்பல் நினைத்த இடத்தில் நிற்பதுமில்லை, திரும்புவதுமில்லை. தூரத்திலிருந்து தரும் பிழையான கட்டளை விபத்தைத் தடுக்காமல் விளைவிக்கவும் கூடும். ஆகவேதான் கப்பலைச் செலுத்தும் இறுதிப் பொறுப்புக் கப்டனிடமே இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி.

அந்த நெறியின் விலை அதே வளைகுடாவில் தெரிந்தது. 2007 நவம்பர் 7 ஆம் திகதி காலை, மீண்டும் மூடுபனி. ஒக்லண்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கொஸ்கோ பூசான் என்னும் கொள்கலன் கப்பல் பே பாலத்தை நோக்கிச் சென்றது. அது தடம் விலகுவதைத் திரையில் கண்ட கட்டுப்பாட்டாளர், கப்பலைச் செலுத்திய துறைமுக வழிகாட்டியை வானொலியில் அழைத்து, என்ன செய்ய எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். திட்டமிட்ட தூண்களுக்கிடையேதான் செல்கிறோம் என்பது பதில். அதன்பின் கட்டளை எதுவும் பிறக்கவில்லை. சில நிமிடங்களில் கப்பல் பாலத்தூணின் காப்புக் கட்டமைப்பில் உரசிக் கிழிந்தது. 53,000 கலனுக்கும் அதிகமான எரிபொருள் கடலில் கொட்டியது.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, கப்பலை நேரடியாக வழிநடத்தும் அதிகாரத்தை எப்போது பயன்படுத்த வேண்டும் எனத் தெளிவான வழிகாட்டலைக் கட்டுப்பாட்டாளர்களுக்கு வழங்குமாறு கரையோரக் காவல்படைக்குப் பரிந்துரைத்தது. அதிகாரம் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்தது. அதை எடுக்கும் கணம் எது என்பது மட்டும் எழுதப்படாமல் இருந்தது.

1971 இல் பார்த்தவரின் குரல் சென்றடையவில்லை. 2007 இல் குரல் சென்றடைந்தது. ஆனால் அது கேள்வியாகவே நின்றுவிட்டது. கேள்வியைக் கட்டளையாக மாற்றவேண்டிய அந்தச் சில விநாடிகளை எந்த ராடரும் காட்டித் தராது. இருண்ட அறையில் திரைமுன் அமர்ந்திருக்கும் மனிதரே அதைக் கண்டுகொள்ள வேண்டும்.