ஒரு டெமோ ஒலிப்பதிவும் வாத்தியார்கள் சொன்ன புத்தியும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

கறுப்பு டி-ஷர்ட்டில் ஒரு முப்பட்டகம். ஒரு பக்கம் வெள்ளைக் கதிர் நுழைந்து மறுபக்கம் வண்ணங்களாகப் பிரியும். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேயக் குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் அட்டைப்படம் அது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்த தட்டு. மூன்று நிமிடப் பாட்டு என்ற வரம்பை உடைத்து நீண்ட இசையாக ஓடும் 'புரோகிரஸிவ் ராக்' வகையில் இவர்கள் முதல் வரிசைக்காரர்கள்.

நான் எழுத வந்தது அந்தக் குழுவின் டெமோ பற்றி. டெமோ என்றால் விற்பதற்கு அல்ல, வாய்ப்புக் கேட்டுப் போகும் இடத்தில் போட்டுக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு.

லண்டன் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த இடத்தில் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்டு ரைட் மூவரும் சேர்ந்தார்கள். 1964இல் கேம்பிரிட்ஜிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஓவியம் படிக்க வந்த சிட் பாரெட். இன்னொருவர் ராடோ க்ளோஸ். ஜாஸ் பழகியவர். ஐவரில் கிடாரில் கைதேர்ந்தவர் அவர்தான். குழுவுக்கு நிலையான பெயர்கூட அப்போது இல்லை. சிக்மா 6, அப்டாப்ஸ், டீ செட் என்று மாறிக்கொண்டே இருந்தது.

ரைட்டின் நண்பர் ஒருவர் மேற்கு ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். வேறு பதிவு எதுவும் இல்லாத நேரத்தில் காசு வாங்காமல் இவர்களை உள்ளே விட்டார். 1964 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு என்று டிரம்மர் மேசன் தன் நூலில் எழுதுகிறார். ஆனால் பின்னாளில் வந்த தட்டின் பெயரிலேயே 1965 என்று இருக்கிறது. வரலாற்று வாத்தியாருக்கு இந்த மாதிரி முரண்பாடு கண்ணில் படாமல் போகாது!

அன்று பதிந்ததில் பாரெட் எழுதியவை 'லூசி லீவ்', 'டபுள் ஓ போ', 'பட்டர்ஃபிளை'. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போவின் 'ஐ ஆம் எ கிங் பீ' என்ற பழைய பாட்டும் உண்டு. அதே பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1964இல் தங்கள் முதல் ஆல்பத்தில் பாடியிருந்தது. கேட்டுப் பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்னப் பாட்டு, துடிப்பு இருக்கிறது. ஆனால் அன்றைய லண்டனில் கிளப்புக்குக் கிளப் ஒலித்த பாணிதான். 1973இன் இசை இதற்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், முடிவு தெரிந்த பிறகு சொல்லும் சொல் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1965 கோடையில் க்ளோஸ் குழுவை விட்டு விலகினார். படிப்பைக் கவனி என்று அப்பாவும் சொன்னார், கல்லூரி ஆசிரியர்களும் சொன்னார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் போய்விட்டார், மற்ற நால்வர் தொடர்ந்தார்கள். 1967இல் முதல் ஆல்பம் வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் அந்த ஆசிரியர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 34 வருஷம் பாடம் நடத்தியவன் நான். அவர்கள் முன்னால் இருந்தது என்ன? ஓசியில் பதிந்த சில பாட்டு, மாதத்துக்கு ஒரு பெயர் மாற்றும் குழு, ஒரு பையனின் படிப்பு. அந்த டேப்பை மட்டும் கேட்டுவிட்டு நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? ஒருவர் எடுத்த முடிவை அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அது வாத்தியார்களுக்கும் பொருந்தும்.

அதோடு, தங்கியவரெல்லாம் வாழ்ந்தார், போனவர் கெட்டார் என்றும் இல்லை. அந்தப் பாட்டுகளை எழுதிய பாரெட், மனநலம் குலைந்து 1968இல் குழுவைவிட்டுப் போக நேர்ந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் ஒதுங்கி வாழ்ந்து 2006இல் தனது 60ஆம் வயதில் இறந்தார். க்ளோஸ் புகைப்படக் கலைஞரானார். பின்னாளில் அந்தக் குழுவுக்கு வந்த டேவிட் கில்மோர் 2006இல் தனியாக ஒரு ஆல்பம் போட்டபோது அதில் கிடாரும் வாசித்தார்.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு வாத்தியாரும் இருக்கிறார். பெயர் மைக் லெனர்டு. பகுதிநேர ஆசிரியர். ஒளியையும் ஒலியையும் சேர்த்துப் பரிசோதனை செய்வதில் ஈடுபாடு உள்ளவர். ஹைகேட் பகுதியில் இருந்த தன் வீட்டில் இந்தப் பையன்களை வாடகைக்கு வைத்தார். முன்னறையில் ஒத்திகை பார்த்துக்கொள்ளவும் விட்டார். அதனால் குழுவுக்குக் கொஞ்ச நாள் 'லெனர்டு வீட்டுக் குடித்தனக்காரர்கள்' என்ற பொருளில் ஒரு பெயரே இருந்தது. சில சமயம் அவரும் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தார்.

இவர்கள் பெரிய ஆளாக வருவார்கள் என்று லெனர்டுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் ஜோசியம் சொல்லவில்லை. படிப்பை விடு என்றோ பாட்டை விடு என்றோ தீர்ப்பும் சொல்லவில்லை. ஒரு அறையைக் கொடுத்தார், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார். எதிர்காலம் தெரியாத ஒரு ஆசிரியரால் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கை. வாத்தியார்களைச் சாடி 1979இல் உலகமே முணுமுணுத்த ஒரு பாட்டைப் போட்டது இதே பிங்க் ஃபிளாய்டுதான். அதில் கோரஸ் பாடியது லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள். அவர்களைப் பாட வைக்க ஏற்பாடு செய்தவர் அந்தப் பள்ளியின் இசை வாத்தியார்!

டெமோ அரை நூற்றாண்டு வெளியே வரவில்லை. 50 ஆண்டுக்குள் வெளியிடாத ஒலிப்பதிவுக்கு ஐரோப்பாவில் உரிமை போய்விடும் என்பது சட்டம். கெடு நெருங்கிய 2015இல் ஆயிரத்துச் சொச்சம் பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். தட்டின் பெயரிலேயே 'முதல் பதிவுகள்' என்று இருக்கிறது. அதில் கிடார் வாசிப்பவர் க்ளோஸ்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, ஒரு பிள்ளை பாட்டு, ஓவியம், கூத்து என்று வந்து நின்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? இப்போது அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? எழுதுங்கள், படிக்கிறேன்.