கசக்கும் மஞ்சள் தூள்

கல்லூரியில் வேதியியல் செய்முறைப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பிக்ரிக் அமிலம் என்ற பெயர் பழக்கமானதே. நாப்தலீனைக் கண்டறியும் சோதனையில் மஞ்சள் ஊசிகளாகப் படிகங்கள் இறங்குகின்றனவே, அதற்குக் காரணமான பொருள் இதுதான். வேதியியலே படிக்காத வாசகர்களுக்கும் இதனோடு உறவு உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைப் பார்த்து வரும்படி மருத்துவர் சொல்கிறார் அல்லவா? பல சோதனைக் கூடங்களில் அந்த அளவைக் காரம் கலந்த பிக்ரிக் அமிலக் கரைசலைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். கிரியாட்டினின் பட்டதும் மஞ்சள் கரைசல் செம்மஞ்சளாக மாறுகிறது. இதை 1886-இல் கண்டு சொன்னவர் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர்.

இந்த அமிலம் விலைக்கு வரும்போது உலர்ந்த தூளாக வருவதில்லை. நனைந்த மணல்போல், நீரோடு பிசைந்த கூழாகத்தான் வருகிறது. எடையில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் நீர் இருந்தால் அது 'தீப்பற்றும் திண்மம்' என்ற வகையில் சேரும். நீர் அதற்குக் கீழே குறைந்தால் அதே பொருள், அதே புட்டி, 'வெடிபொருள்' ஆகிவிடுகிறது. பன்னாட்டுப் போக்குவரத்து விதிகளே இப்படித்தான் பிரிக்கின்றன. ஒரு சாதாரண ஆய்வகப் பொருளுக்கு ஏன் இப்படி ஒரு விதி? அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1771-ஆம் ஆண்டு. லண்டனில் பீட்டர் உல்ஃப் என்ற வேதியியலார் அவுரியிலிருந்து கிடைக்கும் நீலச் சாயத்தின்மேல் நைட்ரிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார். (இரண்டு மூன்று கழுத்துள்ள 'உல்ஃப் புட்டி'யைப் பாடநூலில் படம் வரைந்திருப்பீர்களே, அந்த உல்ஃப்தான்.) நீலம் மறைந்து, பட்டுக்கு அழகிய மஞ்சள் நிறம் ஏற்றும் பொருள் ஒன்று கிடைத்தது. பின்னர் வந்தவர்கள் அதைச் சுவைத்தும் பார்த்தார்கள். அந்தக் காலத்து வேதியியலாருக்கு நாக்கும் ஒரு சோதனைக் கருவி! அது கடும் கசப்பாக இருந்தது. 1841-இல் பிரெஞ்சு வேதியியலார் டூமா, கசப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பிக்ரிக்' என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் லோரான் என்பவர் அதனைப் பீனாலிலிருந்து தயாரித்துக் காட்டினார். பீனால் மூலக்கூறில் மூன்று நைட்ரோ தொகுதிகள் ஏறினால் அதுவே பிக்ரிக் அமிலம்.

நிலக்கரித் தாரிலிருந்து பீனால் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சாயப் பட்டறைகளில் இந்த மஞ்சள் தூள் குவிந்தது. பட்டும் கம்பளியும் வேறு துணைப் பொருள் இல்லாமலே இதை ஏற்றுக்கொள்ளும், பருத்தி ஏற்காது. கண்ணுக்கு இது நம் வீட்டு மஞ்சள் தூளைப்போல் சாதுவாகத்தான் தெரிந்தது. பீப்பாய்களில் அடைத்தார்கள், மண்வெட்டியால் வாரினார்கள், பிற சரக்குகளோடு ஒரே கிடங்கில் போட்டு வைத்தார்கள்.

எச்சரிக்கை எதுவுமே இல்லாமலா இருந்தது? இருந்தது. இந்த அமிலம் உலோகங்களோடு சேர்ந்து தரும் உப்புகள், அதாவது பிக்ரேட்டுகள், சூடுபடுத்தினால் வெடிக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரியும். ஆனால் அமிலத்தைத் தனியே எடுத்துத் தீயிட்டால் அது புகைவிட்டு எரிந்ததே தவிர வெடிக்கவில்லை. ஆகவே உப்புதான் பொல்லாதது, அமிலம் நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பொருள் எரிகிறது என்பதாலேயே அது வெடிக்காது என்று நினைத்ததுதான் பிழை.

இந்த எண்ணத்தை உடைத்தவர் ஹெர்மன் ஸ்பிரெங்கல். மின்விளக்குக் குமிழிலிருந்து காற்றை வெளியேற்ற உதவிய பாதரச வெற்றிடப் பம்பை அமைத்தவரும் இவரே. 1871-இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் என்ற ஊரில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில், தகுந்த வெடியூக்கி ஒன்றின் அதிர்ச்சியைக் கொடுத்தால் பிக்ரிக் அமிலம் தானே முழுவதும் வெடிக்கும் என்று காட்டினார். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கு நைட்ரோ தொகுதிகளின் உருவில் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்றுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. தீ கொடுப்பது மெதுவான தூண்டுதல். அதிர்ச்சி கொடுப்பது வேறு வகைத் தூண்டுதல். ஸ்பிரெங்கல் 1873-இல் இதை எழுதியும் வெளியிட்டார். சாய வணிகர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

1887-இல் மான்செஸ்டர் நகரின் கார்ன்புரூக் வேதிப்பொருள் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அங்கே பிக்ரிக் அமிலமும் இருந்தது, ஈய ஆக்சைடும் இருந்தது. பிக்ரிக் அமிலம் 122 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். உருகி ஓடிய அமிலம் ஈய ஆக்சைடைத் தொட்டால் என்ன ஆகும்? ஈயப் பிக்ரேட் உண்டாகும். அது மிகவும் உணர்ச்சியுள்ள வெடிபொருள். சிறிதளவு ஈயப் பிக்ரேட் வெடித்தாலே போதும். அந்த அதிர்ச்சி பக்கத்தில் கிடக்கும் அமிலக் குவியல் முழுவதையும் வெடிக்க வைத்துவிடும். ஸ்பிரெங்கல் வெடியூக்கியை வைத்துச் செய்து காட்டியதை, இங்கே ஒரு தீ விபத்து தானே வெடியூக்கியைத் தயாரித்துக்கொண்டு செய்து முடித்தது. இன்றும் ஆய்வகப் பாதுகாப்பு நூல்கள் பிக்ரிக் அமிலத்தை உலோகத்தோடு சேர்க்காதே என்று சொல்வது இதனால்தான்.

அதற்குள் இராணுவங்கள் விழித்துக்கொண்டிருந்தன. பிரான்சில் யூஜின் டர்பின் 1885-இல் பிக்ரிக் அமிலத்தை அழுத்தியும் உருக்கியும் பீரங்கிக் குண்டுகளில் அடைக்கலாம் என்று காட்டினார். பிரிட்டன் அதையே, கென்ட் பகுதியில் சோதனை நடந்த லிட் என்ற ஊரின் பெயரால், 'லிட்டைட்' என்று அழைத்தது. ஜப்பானில் அது ஷிமோசே தூள் ஆயிற்று. 1905-இல் சூஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பல்களின்மேல் விழுந்த குண்டுகளில் இருந்தது அதுவே. குண்டின் இரும்புச் சுவரை அமிலம் தொட்டால் இரும்புப் பிக்ரேட் உண்டாகுமே என்ற அச்சத்தால், ஜப்பானியர் குண்டின் உட்புறத்தில் தங்கள் மரபான அரக்கு மெருகைப் பூசினார்கள். கிண்ணத்துக்கும் பேழைக்கும் பூசும் மெருகு பீரங்கிக் குண்டுக்குள் போனதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

முதல் உலகப் போரில் இதன் தேவை பன்மடங்காயிற்று. ஆலைகளில் வேலை செய்தவர்களின் தோலும் முடியும் மஞ்சளாகிப் போயின. 1916 ஆகஸ்டு 21 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரை ஒட்டிய லோ மூர் ஆலையில் தீப்பிடித்து, அடுத்தடுத்து வெடித்ததில் நாற்பது பேர் அளவில் இறந்தனர். அவர்களில் ஆறு பேர் தீயை அணைக்க ஓடி வந்த தீயணைப்பு வீரர்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 6 காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நிகழ்ந்தது இதைவிடப் பன்மடங்கு பெரிது. 'மோன்-பிளான்' என்ற பிரெஞ்சுக் கப்பல் ஏறக்குறைய 2,300 டன் பிக்ரிக் அமிலத்தோடும், டி.என்.டி., வெடிபஞ்சு ஆகியவற்றோடும், மேல்தளத்தில் பென்சால் பீப்பாய்களோடும் வந்துகொண்டிருந்தது. சரக்கை ஏற்றியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். கப்பலின் உட்புறத்தைப் பலகையால் மூடி, இரும்பு ஆணி பொறி கிளப்பும் என்பதால் செம்பு ஆணிகளையே அடித்திருந்தார்கள். ஆனால் குறுகிய நீர்வழியில் 'இமோ' என்ற கப்பல் வந்து மோதியது. பென்சால் சிந்தித் தீப்பற்றியது. ஏறத்தாழ இருபது நிமிடம் கப்பல் எரிந்தது.

அந்த இருபது நிமிடங்களில் ஊர் என்ன செய்தது தெரியுமா? வேடிக்கை பார்த்தது. கரையிலும் சன்னல்களிலும் மக்கள் கூடி நின்றார்கள். கப்பலில் இருப்பது இன்னதென்று கரையில் மிகச் சிலருக்கே தெரியும். அவர்களில் ஒருவர் இரயில் போக்குவரத்தைக் கவனித்துவந்த வின்ஸ் கோல்மன். ஓடித் தப்பப் போனவர், வந்துகொண்டிருந்த இரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடிப்பதற்காகத் திரும்பிப் போய் உயிரிழந்தார். ஒன்பது மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. 1,700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 9,000 பேர் காயமடைந்தனர். சன்னலருகே நின்றவர்களின் கண்களில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தன. அரை டன் எடையுள்ள நங்கூரத் தண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது.

போருக்குப் பின் குண்டுகளில் இதன் இடத்தை டி.என்.டி. பிடித்துக்கொண்டது. அதிலும் மூன்று நைட்ரோ தொகுதிகள் உண்டு. ஆனால் பீனாலின் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதில் ஒரு மீதைல் தொகுதி இருப்பதால் அது அமிலம் அன்று. உலோகத்தைத் தின்று உப்பாக்காது. பிக்ரிக் அமிலம் மெல்ல மெல்ல ஆய்வகத்துக்கும் மருத்துவ மனைக்கும் ஒதுங்கியது. தீப்புண்ணுக்குக் கட்டும் துணியைக்கூட ஒரு காலத்தில் இதன் கரைசலில் நனைத்து வைத்திருந்தார்கள். திசுக்களைப் பதப்படுத்தும் பூவான் கரைசலில் இது இன்றும் சேர்கிறது.

கரைசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அறை வெப்பநிலையில் நூறு மில்லி நீரில் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் இது கரையும். அபாயம், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் அலமாரியின் பின்வரிசையில் நின்றுவிட்ட புட்டியில் இருக்கிறது. நம் ஊர்க் கோடையில் நீர் மெல்ல ஆவியாகிவிடும். மூடியின் திருகு வரிகளில் மஞ்சள் படிகம் படிந்திருக்கும். உலர்ந்த படிகத்துக்கு உராய்வே போதும். மூடியைத் திருகுவது என்பது உராய்வுதான். மூடி உலோகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈயம், செம்புக் குழாய் பொருத்திய பழைய தொட்டிகளில் இந்தக் கரைசலைக் கொட்டுவதும் இதே காரணத்தால் ஆகாது.

இதன் நெருங்கிய உறவினர் ஒருவரைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களே அறிவார்கள். ஆல்டிஹைடையும் கீட்டோனையும் கண்டறிய நீங்கள் பயன்படுத்தும் போர்ஷ் வினைப்பொருளில் உள்ள டைநைட்ரோபினைல் ஹைட்ரசீன்தான் அது. அதுவும் ஈரமாக வைக்க வேண்டிய தூளே. 2016-இன் இறுதியில் பிரிட்டனில் பல பள்ளிகளில் அந்தப் புட்டிகள் உலர்ந்துபோயிருக்கலாம் என்ற ஐயம் எழ, இராணுவத்தின் வெடிகுண்டு செயலிழப்புக் குழுவினர் வந்து அவற்றை அப்புறப்படுத்தினார்கள்.

ஆகவே ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்கள் பிக்ரிக் அமிலப் புட்டியின்மேல் வாங்கிய தேதியையும், கடைசியாக நீர் பார்த்த தேதியையும் எழுதி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக் குறைந்த நீரை ஈடு செய்யுங்கள். ஆனால் வரலாறு தெரியாத பழைய புட்டி ஒன்று கண்ணில் பட்டால், அதில் நீர் ஊற்றலாம் என்றுகூட மூடியில் கை வைக்காதீர்கள். அசைக்காமல், அறையைப் பூட்டி, எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வரும்வரை சன்னலருகே யாரையும் நிற்க விடாதீர்கள்.