பத்தொன்பது வயதில் இருவர்

விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் எம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. காவல் வாகனத்திலிருந்து இறக்கப்படும் இளைஞர்களையும், அவர்கள் முகத்தை ஒரு கணமேனும் பார்த்துவிடத் தவிக்கும் தாய்மாரையும் அவ்வழியே செல்கையில் நாம் காண்பதுண்டு. அப்போதெல்லாம் ராஜீவ் காந்தி கொலை வழக்கே நினைவுக்கு வருகிறது. தண்டிக்கப்பட்ட எழுவருள் இரவிச்சந்திரன் எம் மாவட்டத்து அருப்புக்கோட்டையைச் சேர்ந்தவர் என்பதும் ஒரு காரணமாகலாம்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது பிரியங்கா காந்திக்கு வயது 19. அடுத்த மாதம் கைதான பேரறிவாளனுக்கும் அதே வயது. ஒருவர் தந்தையை இழந்தார்; மற்றவர் இளமையை. (இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நாம் முனையவில்லை.) மூன்றாவதாக ஒரு பிள்ளையும் உண்டு: கருவுற்றிருந்த நிலையில் கைதான நளினிக்குச் சிறைவாசத்தில் பிறந்த மகள்.

1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்குத் தண்டனையை உறுதிசெய்தது. அக்குழந்தை அநாதையாகிவிடக் கூடாதெனச் சோனியா காந்தி வேண்ட, 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2008 மார்ச் 19 அன்று பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். தாம் கண்ட வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் கொள்ளும் வழி அது என்று பின்னர் அவர் கூறினார்.

தந்தையை இழந்த மகள் இவ்வளவு தூரம் நடந்து வந்தபோதும் அரசின் கருணை அசையவில்லை. முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் கருணை மனு பதினோர் ஆண்டுகள் கிடந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. தூக்குக்கு நாளும் குறித்தாயிற்று: செப்டம்பர் 9. பத்து நாள் முன்னர்தான் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பூட்டு திறக்கும் ஒவ்வோர் ஓசையிலும் சாவைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குச் சட்டத்தில் தனிப்பெயர் இல்லை, 'காலதாமதம்' என்கிறார்கள். அக்காலதாமதத்தையே காரணமாகக் கொண்டு 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அம்மூவரின் தூக்கை ஆயுளாக்கியது.

இதனிடையே, பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் ஓர் உண்மையை வெளியிட்டார். தாம் வாங்கித் தந்த பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை அவர் எழுதாமல் விட்டிருந்தார். இங்கே மன்னிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே தலைகீழாகிவிடுகிறது.

அன்று ராஜீவோடு மடிந்த காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. அவர்களைத் தேடிச் சென்று எவரும் மன்னிப்பைக் கேட்கவில்லை. அவர்களுட் சிலர் விடுதலையை எதிர்த்தனர். அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று ஏனைய அறுவரும் உச்ச நீதிமன்ற ஆணையால் விடுதலை பெற்றனர். ஆனால் இலங்கையரான சாந்தன் சிறையிலிருந்து திருச்சிச் சிறப்பு முகாமுக்கே போனார். 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயிடம் உடல் மட்டும் போய்ச் சேர்ந்தது.