கால் குதிரைச் சக்தியில் 180 கிலோமீட்டர்



மாச ஆரம்பத்தில் வீட்டிலிருந்து பணம் வரும். முதல் வாரம் பர்ஸ் கனமாக இருக்கும், கை தாராளமாகப் போகும், பரோட்டாவுக்கு மேல் ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. கடைசி வாரம் டீக்கே கடன். ஹாஸ்டலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது. அயர்ன்மேன் டிரையத்லானில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், அங்கே கடன் கொடுக்க ஆள் கிடையாது.

தெரியாதவர்களுக்காக: அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். சாதாரண சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பலாம். இங்கே அதற்கு அனுமதி இல்லை. எனவே எவ்வளவு வேகத்தில் மிதிப்பது என்பதை அவரவர்தான் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவை எதை வைத்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

முதல் பந்தயம், 1978

ஹவாய் மாநிலத்தின் ஓஆஹு தீவில் இருந்த கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் ஆரம்பித்தது இது. நீச்சல்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனா, சைக்கிள்காரன் பெரியவனா என்ற வெட்டிப் பேச்சில் பிறந்தது! 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தார். ஓட்டத்தில் பெரும்பகுதி முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். அவருடைய உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள். அவர் இரண்டாவதாகத்தான் வந்தார், அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால்.

அந்தக் காலத்தில் அளவுகோல் இரண்டுதான்: எத்தனை கிலோமீட்டர் போனோம், எவ்வளவு நேரம் ஆனது. பயிற்சி என்றால் வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டுவது. மீதி எல்லாம் உடம்பு சொல்வதைக் கேட்பது. பிரச்சினை என்னவென்றால், முதல் ஒரு மணி நேரத்தில் உடம்பு பொய் சொல்லும். கால் புதுசாக இருக்கும், வயிறு நிறைந்திருக்கும், "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று சொல்லும்.

வேகத்தைப் பார்த்து ஓட்டினால் சரியாகிவிடுமா? ஆகாது. எதிர்காற்றில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போக உயிர் போகும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் 40 கூட விளையாட்டு. வேகம் என்பது வரவு மட்டும், செலவைக் காட்டாது. காற்றின் தடையைத் தாண்டத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் காற்றுக்காக மட்டும் சுமார் 33 சதவீதம் அதிகச் சக்தி தரவேண்டும். வர்த்தகம் படிக்கிறவனுக்கு இதைவிட மோசமான முதலீடு இருக்க முடியாது.

இதயம் சொன்ன கணக்கு

அடுத்து வந்தது நாடித்துடிப்பு மானி. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ல் கம்பியில்லாத மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிரையத்லானில் அதன் பெரிய பிரசாரகர் ஆனவர் அமெரிக்காவின் மார்க் ஆலன். தினமும் முழு வேகத்தில் பயிற்சி செய்து, காயப்பட்டு, களைத்துப் போனவர். பில் மாஃபெடோன் என்பவர் அவருக்கு ஒரு எளிய கணக்கு சொன்னார்: 180லிருந்து உன் வயதைக் கழி, நீண்ட பயிற்சியில் துடிப்பு அதற்கு மேல் போகக்கூடாது. ஆலனுக்கு அது சுமார் 155. முதலில் வெட்கக்கேடாக மெதுவாகப் போகவேண்டியிருந்தது. மாதங்கள் போகப்போக அதே துடிப்பில் வேகம் ஏறியது. ஹவாயில் ஆறு முறை தோற்றவர் 1989ல் ஜெயித்தார். மொத்தம் ஆறு முறை ஜெயித்தார்.

1995 பந்தயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் சைக்கிளில் பறந்தார். ஓட்டம் ஆரம்பிக்கும்போது 37 வயது ஆலன் அவருக்கு 13 நிமிடத்துக்கு மேல் பின்னால். ஆலன் பதறவில்லை. கடைசிச் சில மைல்களில் அவரைப் பிடித்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் பெண்கள் பிரிவில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த பவுலா நியூபி ஃப்ரேசர், எல்லைக்கோடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தள்ளாடி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை ஏழு முறை வென்றவர்! அப்புறம் எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். அனுபவசாலிக்கும் பில் வரும்.

துடிப்பு மானியிலும் ஓட்டை உண்டு. மேட்டில் வெறித்தனமாக அழுத்தினால், துடிப்பு ஏறி அதைக் காட்டுவதற்குள் செலவு முடிந்திருக்கும். வெயில், காபி, சரியாகத் தூங்காத இரவு எல்லாமே எண்ணை மாற்றிவிடும்.

வாட் வந்த கதை

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1780களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க அலைந்துகொண்டிருந்தார். ஆலைக்காரர்கள் அதுவரை குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்கள். "இந்த எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குப் புரியும் மொழி. அதற்காக ஒரு குதிரையின் வேலையைக் கணக்கிட்டு குதிரைச் சக்தி என்ற அலகை வைத்தார். அதாவது அது சோதனைச்சாலைக்காக அல்ல, விலை பேசுவதற்காகப் பிறந்த அலகு! பின்னர் 1882ல் வில்லியம் சீமென்ஸ், சக்தியின் அலகுக்கு வாட்டின் பெயரையே முன்மொழிந்தார். ஒரு குதிரைச் சக்தி சுமார் 746 வாட். 200 வாட்டில் மிதிக்கிறவர் கால் குதிரைக்குக் கொஞ்சம் மேல். (கால் என்பதற்கு இரண்டு அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம் :-))

அந்த வாட்டை சைக்கிளில் ஏற்றியவர் ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர். 1986ல் அவர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம், பெடலை அழுத்தும்போது கிராங்க் மிக நுண்ணியதாக வளைவதை அளந்தது. வளைவிலிருந்து முறுக்கு விசை, அதைச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட். காற்றோ மேடோ வெயிலோ அதை ஏமாற்ற முடியாது. ஆனால் விலை சாமானியனுக்கு எட்டாது. 1990களின் கடைசியில் பின்சக்கர ஹப்பில் அளக்கும் கருவிகள் வந்தன. 2010களில் விலை இன்னும் இறங்கியது.

கருவி வந்தபிறகும் ஒரு சிக்கல் இருந்தது: சராசரி. ஒருவர் 200 வாட்டில் சீராக மிதிக்கிறார். இன்னொருவர் மேட்டில் 300, இறக்கத்தில் 100, பாதி நேரம் அது பாதி நேரம் இது. சராசரி இருவருக்கும் 200தான். கால் வலி மட்டும் ஒன்றல்ல. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ கோகன் 2000களின் தொடக்கத்தில் இதற்கு வழி சொன்னார். வாட்டை 30 விநாடிக்குச் சமப்படுத்தி, நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, சராசரி எடுத்து, நான்காம் மூலம் காண்பது. அந்தக் கணக்குப்படி இரண்டாமவர் உடம்புக்கு விழுந்த சுமை சுமார் 253 வாட். ஹண்டர் ஆலனுடன் அவர் எழுதி 2006ல் வந்த புத்தகம் இதையெல்லாம் சாமானியப் பயிற்சியாளர்களிடமும் கொண்டுசேர்த்தது.

நீண்ட சவாரியில் என்ன கற்கிறார்கள்?

ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்ச வாட்டில் சுமார் 70 சதவீதம், இதுதான் அயர்ன்மேன் சைக்கிளுக்குப் பலரும் வைத்துக்கொள்ளும் உத்தேச அளவு. 200 வாட்டில் ஐந்தரை மணி நேரம் மிதித்தால் 3,960 கிலோஜூல் வேலை. மனித எஞ்சினின் திறன் கால்வாசிக்கும் குறைவு என்பதால் உடம்பு எரிப்பதும் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2,000 கிலோகலோரிதான். மீதி கொழுப்பிலிருந்தும் வழியில் சாப்பிடுவதிலிருந்தும் வரவேண்டும். வேகமாக மிதிக்க மிதிக்க உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே கேட்கும். அது தீர்ந்தபின் மராத்தான் காத்திருக்கிறது.

அதனால்தான் நான்கைந்து மணி நேரப் பயிற்சிச் சவாரி, பலத்தைவிடப் பட்ஜெட்டைக் கற்கும் இடம். பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய ஒரு சோதனை எனக்குப் பிடித்தது: சவாரியின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிடு. வாட் அப்படியே இருக்க, துடிப்பு 5 சதவீதத்துக்கு மேல் நழுவினால் அந்தத் தூரத்துக்கு நீ இன்னும் தயாராகவில்லை. பழைய மானியும் புதிய மானியும் சேர்ந்து போடும் ஐந்தொகை!

ஆனாலும் ஒன்றை எந்த மானியும் செய்யாது. இருபதாவது கிலோமீட்டரில் ஒருவர் உங்களைத் தாண்டிப் போகும்போது, திரையில் சரியான எண் இருக்கிறது, மனசு "விடாதே" என்கிறது. அப்போது விடவேண்டியது நீங்கள்தான். மார்க் ஆலன் 1995ல் செய்தது அதைத்தான், கையில் வாட் மானி இல்லாமலே.

தோற்றவர்களும் கற்றார்கள். ரோட்டில் உட்கார்ந்த பவுலா 1996ல் எட்டாவது முறையாக ஜெயித்தார். ஹெல்ரீகல் 1996லும் இரண்டாம் இடம், 1997ல் முதலிடம். பில் கட்டியது வீண் போகவில்லை.

நான் இந்த மாசமாவது 25ஆம் தேதி வரை தாக்குப்பிடிக்கிறேனா பார்ப்போம்!