அருப்புக்கோட்டை – திருச்சுழி: ஒரு நாள் பயணத்தில் காணத்தக்கவை

அருப்புக்கோட்டை, விருதுநகர் மாவட்டத்தில் மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில் மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் அமைந்த நகரம். நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் மல்லிகைப் பூவுக்கும் பெயர் பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 87,722. இதற்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் திருச்சுழி உள்ளது. இரண்டு ஊர்களும் 1910 வரை பழைய மதுரை மாவட்டத்திலும், அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தன. 1985 மார்ச் 15 அன்று புதிய மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன.

சுற்றுலாக் கையேடுகளில் இந்த வட்டாரத்துக்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. அருவி இல்லை, மலை இல்லை, கடல் இல்லை. வானம் பார்த்த பூமி, கண்மாய், சீமைக் கருவேலம், கரிமூட்டப் புகை என்றுதான் பேருந்தில் கடந்து செல்பவர் நினைவில் நிற்கும். அமெரிக்காவின் நடுமேற்கு நகரம் ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, "சார், நான் இருக்கிற ஊரும் நம்ம ஊர் மாதிரி நடுத்தர ஊர்தான். ஆனா வர்றவங்க கையில ஒரு தாளைக் கொடுத்திடுறாங்க. காலையில இதைப் பாருங்க, சாயங்காலம் அதைப் பாருங்கன்னு எல்லாம் போட்டிருக்கு. என் பிள்ளைகளுக்கு இங்க நான் எதைக் காட்ட?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து, கல்விச் சுற்றுலா என்று மாணவர்களைக் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் மைசூருக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். பள்ளிமடத்துக்கு ஒரு முறைகூட அழைத்துப் போனதில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டுரை ஓரளவாவது தீர்க்கட்டும்.

திருச்சுழி: சுழியும் தெப்பமும்

வெயில் ஏறுவதற்குள் திருச்சுழியைப் பார்த்துவிடுவது நல்லது. பழைய பெயர் திருச்சுழியல். ஒரு பெருவெள்ளம் உலகை மூடியபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் முழுவதும் சுழியாகச் சுழன்று பூமிக்குள் இறங்கிவிட்டது என்பது தலபுராணம். அதனால் சுழியல். தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் ஒரு வட்டாரத்தின் தலக்கதை, வெள்ளம் வடிந்த கதையாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஆனால் குண்டாற்றைத் தெரிந்தவருக்கு அவ்வளவு வியப்பு இராது. வருசநாட்டு மலைப் பகுதியில் தொடங்கித் திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கடலை நோக்கிச் செல்லும் இந்த ஆறு, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சில நாட்களுக்கு மட்டும் கரை புரளும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆற்றில் மாறி மாறி வருவதைப் பார்த்த மக்கள் உண்டாக்கிய கதை இது என்று கொள்ளலாம்.

இங்குள்ள திருமேனிநாதர் கோயில், தேவாரப் பாடல் பெற்ற பாண்டிய நாட்டுத் தலங்கள் பதினான்கில் ஒன்று. அம்மன் பெயர் துணைமாலை அம்மை. சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. சேரமான் பெருமாளுடன் பாண்டிய நாட்டுத் தலங்களை வணங்கி வந்த சுந்தரர் இங்கே தங்கியிருந்தபோது, இறைவன் காளைப் பருவத்து இளைஞராகக் கையில் செண்டுடன் கனவில் தோன்றித் தாம் இருப்பது கானப்பேர் என்று கூறியதாகவும், உடனே அவர் அங்கே புறப்பட்டதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. கானப்பேர்தான் இன்றைய காளையார்கோவில்.

கோயிலுக்கு எதிரே உள்ள குளத்தை அவசரமாகக் கடந்து போய்விடக் கூடாது. மாசி மகத்துக்கு முன் பத்து நாட்கள் இந்தக் குளத்தில் நாளுக்கு ஓர் அடி வீதம் நீர் ஏறும் என்றும், பின்னர் அதேபோல் இறங்கும் என்றும் ரமண மகரிஷி பிற்காலத்தில் அடியவர்களிடம் சொன்னது பதிவாகியுள்ளது. சிறுவயதில் தோழர்களுடன் படிகளில் நீர் ஏறுவதைக் கவனித்ததையும், அந்த நீரில் குளித்தால் வெள்ளி நகை கறுக்கும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். நீரில் கந்தகம் இருக்கலாம் என்பது அவர் கருத்து. நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கும் மாணவர் யாராவது ஒரு மாசி மாதம் அளவுகோலுடன் வந்து உட்கார்ந்தால், அதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

ரமணர் பிறந்த வீடு கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. இன்று 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பராமரிப்பில் உள்ளது. 1879 டிசம்பர் 30 அன்று, நள்ளிரவு கடந்து, ஆருத்ரா தரிசனத்துக்காக வீதியுலா சென்ற நடராசர் கோயிலுக்குத் திரும்பும் வேளையில் குழந்தை பிறந்தது. பெயர் வேங்கடராமன். தாய் அழகம்மாள், தந்தை சுந்தரம் ஐயர்.

பக்தர்கள் மகனைத் தேடி வருகிறார்கள். வரலாறு படிப்பவர் தந்தையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுந்தரம் ஐயர் சிறுவயதில் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு மனு எழுதுபவராகி, சட்டப் பட்டம் இல்லாமலே வழக்காட உரிமை பெற்ற வக்கீலாக உயர்ந்தவர். வீட்டை இரண்டு பகுதியாகக் கட்டினார். ஒரு பகுதி குடும்பத்துக்கு, மறு பகுதி ஊருக்கு வரும் விருந்தினருக்கு. தங்க விடுதி இல்லாத ஊரில், புதிதாக மாற்றலாகி வரும் அலுவலர்களும் வழிப்போக்கரும் அங்கேதான் தங்கிச் சாப்பிட்டார்கள். எனவே திருச்சுழிக்கு வருபவர் 'எங்கே தங்குவது' என்று கேட்பது புதிய கேள்வி அல்ல. சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதற்கு விடையாக வீட்டில் பாதியை ஒதுக்கிவிட்டார்.

பிள்ளைகளுடன் செல்பவர் சொல்லத்தக்க கதை ஒன்றும் உண்டு. ஆறு வயது வேங்கடராமன் தந்தையின் பழைய வழக்குத் தாள்களை எடுத்து விளையாடித் தீர்த்துவிட்டான். தந்தை கடிந்துகொள்ளவே, பையனைக் காணவில்லை. ஊரெல்லாம் தேடியும் கிடைக்காதவன், கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அர்ச்சகர் கண்டுபிடித்து அழைத்து வந்தார். துணைமாலை அம்மன் சன்னிதியில் நின்று இதைச் சொன்னால் எந்தக் குழந்தையும் எட்டிப் பார்க்கும்.

பள்ளிமடம்: மறந்துபோன பள்ளிப்படை

திருச்சுழியை ஒட்டியது பள்ளிமடம். இங்கே காளைநாதர் கோயில் என்று இன்று வழங்குவது, கல்வெட்டுகளில் 'சுந்தரபாண்டிய ஈசுவரம்' எனவும் 'பள்ளிப்படை' எனவும் குறிக்கப்படும் பழைய கோயில். பள்ளிப்படை என்பது இறந்த அரச குலத்தவரின் நினைவிடத்தில் எழுப்பிய கோயில். மேல்பாடியில் உள்ள அரிஞ்சிகை ஈசுவரம், பட்டீசுவரம் அருகே உள்ள பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை போன்ற சோழர் பள்ளிப்படைகளைப் பற்றிப் புத்தகங்களும் கட்டுரைகளும் நிறைய வந்துவிட்டன. பாண்டியர் பள்ளிப்படை என்று கைகாட்ட நமக்கு இருப்பது மிகச் சில. அவற்றுள் ஒன்று இங்கே இருக்கிறது. ஊர்ப் பெயரிலுள்ள 'பள்ளி'யும் இதன் எச்சமாகலாம்.

இங்கு கல்வெட்டு வெட்டிய மன்னர்களில் 'சோழன் தலைகொண்ட' என்ற பட்டம் பூண்ட வீரபாண்டியன் ஒருவன். 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தவருக்கும் திரைப்படத்தைப் பார்த்தவருக்கும் இவனைத் தெரியும். ஆதித்த கரிகாலனால் கொல்லப்பட்ட பாண்டியன் இவன்தான். இவன் 'சோழன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான், ஆதித்தன் 'பாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். தலைகொள்ளுதல் என்றால் உண்மையில் தலையை வெட்டுவதா, தோற்கடித்து வணங்க வைப்பதா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கதையில் வில்லன் தரப்பாக வந்துபோகும் அந்த மன்னன், இங்கே தன் குலத்தவர் ஒருவரின் நினைவுக் கோயிலோடு தொடர்புடையவனாக நிற்கிறான். மாணவர்களுக்கு இதைக் காட்டினால், வரலாற்றில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வீடும் ஒரு துக்கமும் இருந்தது என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கல்வெட்டைப் பார்க்கப் போகும் மாணவர், படிக்க முடியவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். பத்தாம் நூற்றாண்டு வரை பாண்டிய நாட்டில் பெருவழக்காக இருந்தது வட்டெழுத்து. சோழர் ஆட்சி வந்த பின்னரே இங்கே தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. கல்லைத் தடவலாம், ஆனால் எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்கட்டியோ பூசக் கூடாது. அந்தத் தவறை நல்லெண்ணத்தோடு செய்பவர்களே அதிகம்.

கோவிலாங்குளம்: 900 ஆண்டுக்கு முந்தைய தண்ணீர்ப் பந்தல்

அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவிலாங்குளம் இந்தப் பயணத்தில் நான் மிக விரும்பும் இடம். பார்க்க அங்கே அதிகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதைந்த கோயிலின் அடித்தளம், தீர்த்தங்கரர் திருவுருவங்கள், கல்வெட்டு, அவ்வளவுதான். ஊர் மக்கள் அம்பலப்பசாமி என்ற பெயரில் வணங்கி வந்ததால் அவை பிழைத்தன.

முதலாம் குலோத்துங்க சோழனின் 48ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1118 அளவில், கும்பனூரைச் சேர்ந்த சமணர்கள் சிலர் இங்கே முக்குடையார்க்குக் கோயில் எடுத்து, அதற்கு நிலமும் அளித்தனர். தீர்த்தங்கரரின் தலைக்கு மேல் மூன்று குடைகள் காட்டுவது சமணச் சிற்ப மரபு. அதனால் இறைவன் பெயர் முக்குடையார். கோயிலோடு அவர்கள் சேர்த்துச் செய்த இன்னொரு அறம் தண்ணீர்ப் பந்தலும் கிணறும். வருகிறவர் எம்மதத்தவர், எந்தக் குலம் என்று தண்ணீர்ப் பந்தல் கேட்பதில்லை. கோடையில் இந்தச் சாலையில் நடந்து வந்தவருக்கு எது தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று இப்பகுதியில் சமணர் இல்லை. ஊருணிகள் பல தூர்ந்துவிட்டன, சில கட்டடங்களாகிவிட்டன. சித்திரை, வைகாசியில் கடை வாசலில் மண்பானையும் குவளையும் வைக்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது, அதுவும் வரவரக் குறைகிறது. தண்ணீர் பாட்டிலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு 1118ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பந்தலைப் பார்க்கப் போகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டில் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

மாலையில் அருப்புக்கோட்டை

வெயில் தாழ்ந்ததும் நகருக்குள் நடக்கலாம். அருப்புக்கோட்டை என்ற பெயருக்கு மல்லிகை அரும்பைக் காரணம் சொல்வோர் உண்டு. அரண் என்று பொருள்படும் 'அருப்பம்' என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. கோட்டையை இன்று தேடினால் கிடைக்காது, மல்லிகை கிடைக்கும். ஆகவே பூக்கடைக்காரர் முதல் விளக்கத்தையே சொல்வார்.

சொக்கநாதர் கோயிலையும் ஆயிரங்கண் மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு நெசவாளர் தெருக்களுக்குள் போக வேண்டும். கன்னடம் பேசும் தேவாங்கரும் தமிழ் பேசும் சாலியரும் பல தலைமுறைகளாகத் தறி ஓட்டிய ஊர் இது. சௌடேசுவரி அம்மன் தேவாங்கரின் குலதெய்வம். வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்புகளில் ஆண்டுதோறும் இருந்தார்கள். மொழிப் பாடத்தில் அவர்கள் யாருக்கும் பின்தங்கியதில்லை. ஒரு காலத்தில் காலையில் தெரு நெடுகப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் விசைத்தறிச் சத்தம்தான். கைத்தறி ஓடும் வீடு கண்ணில் பட்டால் வாசலில் நின்று கேளுங்கள், உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். பிள்ளைகளைத் தறிக்குழி அருகே ஓட விடாதீர்கள்.

கடைவீதியின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களிலும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய நாடார் வணிகர்கள், மாட்டு வண்டிகளும் சரக்கும் பத்திரமாக இரவு தங்கப் பேட்டைகளை அமைத்தார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை 'மகமை' என்று ஒதுக்கினார்கள். உறவின்முறை அதை நிர்வகித்தது. பேட்டையும் கோயிலும் கிணறும், பின்னாளில் பள்ளிக்கூடங்களும் அந்தச் சில்லறைக் காசில் எழுந்தன. கோயிலுக்குள்ளும் சில தெருக்களுக்குள்ளும் தங்களை விடாத காலத்தில், தங்கள் காசில் தாங்களே பள்ளி கட்டிக்கொண்ட வரலாறு அது. இந்தப் பகுதி மாணவர்கள் பலர் அந்தப் பள்ளிகளில் படித்திருக்கிறார்கள், ஆனால் மகமை என்ற சொல்லைக் கேட்டதில்லை.

அரசியல் வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு ஒரு குறிப்பு: 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் முதன்முறையாக முதலமைச்சரானார்.

பயணக் குறிப்புகள்

மதுரை, விருதுநகர், தூத்துக்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்துகள் நிறைய உண்டு. விருதுநகர் – மானாமதுரை ரயில் பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டுமே நிலையங்கள். இப்பாதை அகலப் பாதையாகி 2013இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வருவோர்க்குச் சிலம்பு எக்ஸ்பிரஸ் வசதி. பள்ளிமடத்துக்கும் கோவிலாங்குளத்துக்கும் வாடகை வண்டியோ இருசக்கர வாகனமோ இருந்தால் நேரம் மிச்சமாகும்.

மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். மார்கழித் திருவாதிரையன்று திருச்சுழியில் இருந்தால் ரமணர் பிறந்த வேளையின் அதே விழாவைக் காணலாம், மாசி மகத்தன்று இருந்தால் குளத்துப் படிகளை எண்ணலாம். சித்திரை வெயிலில் வருவதானால் நுங்கும் பதநீரும் விற்கும் சாலையோரக் கடைகள் துணை. கிராமக் கோயில்கள் நண்பகலில் பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று டீக்கடையில் கேட்டால் ஒரு சிறுவனை உடன் அனுப்புவார்கள். அவனிடம், இது யார் கட்டிய கோயில் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் நீங்கள் சொல்லிவிட்டு வாருங்கள்.