வடபுலத்து வெள்ளியணிகள்



தமிழில் வெள்ளி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. அஃது ஓர் உலோகத்தின் பெயர்; வைகறையிலே தோன்றும் கோளின் பெயர்; விண்மீன்களுக்குப் பொதுப் பெயருமாகும். இவை யாவற்றுக்கும் அடியாய் நிற்பது வெண்மை என்னும் ஒளிக்குறிப்பே. எனினும், கழுத்துக்கும் காதுக்கும் பொன்னைத் தேடிய நாம், காற்கொலுசுக்கும் அரைஞாணுக்குமே பெரும்பாலும் வெள்ளியை ஒதுக்கினோம். அதனை நெஞ்சின்மேல் வைத்துப் போற்றும் ஒரு நாட்டைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன். அந்நாடு நோர்வே. நம்மவருட் பலர் அங்கே குடியேறி வாழ்கின்றனர். அதன் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலே உழைத்தவர்களும் அவருள் உளர். ஆதலால் அந்நாட்டின் குளிரும் இருளும் நாம் முற்றும் கேள்விப்படாதவை அல்ல.

நோர்வேயின் வடபகுதியிலுள்ள துறொம்சோ நகரில், நவம்பர் மாத இறுதியில் மறையும் ஞாயிறு ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலிலே சிறிது நேரம் நீலநிறமான மங்கலொளி பரவும். பின்னர் மீண்டும் இருள். அவ்விருளிலே நிலவும், விண்மீனும், வடதுருவ வான ஒளியும், அவற்றை வாங்கித் திருப்பித் தரும் வெண்பனியுமே மக்களுக்குத் துணை. ஒளியை இவ்வாறு அளந்து பெறும் மக்கள், ஒளியைத் திருப்பித் தரும் உலோகத்தை விரும்பியதில் வியப்பில்லை.

அந்நாட்டின் வெள்ளி வரலாறு தெற்கே தொடங்குகின்றது. 1623 இல் கொங்ஸ்பேர்க் என்னும் இடத்தில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. மாடு மேய்க்கச் சென்ற சிறுவர் இருவர் அதனை முதலிற் கண்டனர் என்பது மரபுவழிக் கதை. அக்காலத்தில் டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒருங்கே ஆண்ட நான்காம் கிறிஸ்தியான் மன்னன், அடுத்த ஆண்டே அங்கே ஒரு நகரை நிறுவினான். பாறையருகே விறகை அடுக்கித் தீமூட்டி, வெப்பத்தால் வெடிப்புற்ற பாறையை உடைத்தெடுப்பதே அன்றைய முறை. மலைமேல் அணைகள் கட்டித் தேக்கிய நீர் பெருஞ்சக்கரங்களைச் சுழற்ற, அச்சக்கரங்கள் சுரங்கத்து நீரை இறைத்தன. வெட்டியதை மேலே தூக்கின. 1770 அளவில் ஏறக்குறைய 4,000 பேர் அங்கே தொழில் புரிந்தனர். 1958 இல் மூடப்படும்வரை அச்சுரங்கங்கள் தந்த வெள்ளி 1,300 தொன்னுக்கு மேற்பட்டது.

கொங்ஸ்பேர்க் வெள்ளிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பல நாடுகளில் வெள்ளி வேறு தாதுக்களோடு கலந்து கிடைக்கும். இங்கேயோ பாறைப் பிளவுகளுக்குள் தூய வெள்ளியே கம்பி கம்பியாய், சுருண்ட கூந்தல் போல வளர்ந்திருந்தது. கம்பிவேலையில் வல்ல ஒரு தட்டார் நிலத்தின் அடியிலே இருந்து பணிசெய்தாரோ என்று எண்ணத் தோன்றும். அத்தகைய துண்டுகளை அந்நகரின் நூதனசாலையில் இன்றும் காணலாம்.

சுரங்கத்து வெள்ளி மன்னனுக்கு உரியது. அதிற் பெரும்பகுதி நாணயமாயிற்று. ஆயினும் நாட்டுப்புறத்துக் கொல்லர் பழைய நாணயங்களையும் பழுதுற்ற கலங்களையும் உருக்கித் தம் மக்களுக்கு அணி செய்தனர். அவற்றுள் தலையாயது ‘சோல்யே’ எனப்படும் மார்பூசிப் பதக்கம். அதன் செய்முறை நம் பத்தர்களுக்குப் புதியதன்று. வெள்ளியைக் கம்பியச்சிலே இழுத்துச் சன்னமாக்குவர்; இரு கம்பிகளை முறுக்கித் தட்டையாக்குவர்; அதனைச் சுருள் சுருளாக வளைத்துச் சட்டத்துக்குள் அடக்குவர்; வெண்காரமும் பற்றாசுப்பொடியும் தூவி நெருப்பிலே பற்றவைப்பர். பின் மெல்லிய அமிலத்தில் இட்டு எடுத்தால், அணி உறைபனி படிந்தாற்போல மங்கிய வெண்மை பெறும்.

அந்த வெண்மையின் ஓரத்திலே தொங்குவனதாம் அதன் உயிர். கரண்டியின் வாய்போலக் குழிந்த சிறு தகடுகள் வரிசையாகத் தொங்கவிடப்படும். சிலவற்றுக்குப் பொன்முலாம் பூசுவதும் உண்டு. அணிந்தவர் மூச்சு விட்டாலே அத்தொங்கட்டான்கள் அசையும். ஒவ்வோர் அசைவிலும் அடுப்பின் ஒளியோ மெழுகுதிரியின் ஒளியோ சிதறித் தெறிக்கும். நீர்மேல் வெயில் நெளிவதை வீட்டுக்குள்ளே காண்பது போன்றது அது. அரசியலமைப்பு நாளாகிய மே மாதம் 17 ஆந் திகதி, மரபுடை அணிந்து வீதியிலே செல்லும் நோர்வேப் பெண்களின் மார்பில் இவ்வணியை இன்றும் காணலாம்.

இவ்வணி அழகுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. மலையிலும் நிலத்தடியிலும் வாழும் மாய மாந்தர் பச்சிளங் குழந்தையைத் திருடி, தம் குழந்தையை மாற்றி வைத்துவிடுவர் என்று அந்நாட்டுப் பழைய மக்கள் அஞ்சினர். வெள்ளியைக் கண்டால் அவர் அணுகார் என்பது நம்பிக்கை. ஆகவே குழந்தையின் உடையிலே ஒரு வெள்ளி ஊசி குத்தப்பட்டது. வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி இனத்தவரும் தொட்டிலிலே கிலுகிலுக்கும் வெள்ளி உருண்டையொன்றைத் தொங்கவிட்டனர். ‘சாமி’ என்பது அவ்வினத்தின் பெயர். நம் சொல்லோடு அதற்கு உறவில்லை.

சாமியர் வெள்ளியைப் பெரிதும் போற்றியவர். ஆயினும் வெள்ளிவேலை செய்தவர் அல்லர். மந்தையோடு இடம்பெயர்பவர்க்கு உலையும் பட்டடையும் பாரமன்றோ? கடற்கரை நகர்களின் வணிகரிடமிருந்தும் கொல்லரிடமிருந்தும் அணிகளையும் கரண்டிகளையும் வாங்கிப் பேணினர். மணம் பேசும்போது கொடுக்கப்பட்டதும் வெள்ளி. தாயிடமிருந்து மகளுக்குச் சென்றதும் வெள்ளி. கையில் அடங்கும் செல்வமாகையால் எங்கும் கொண்டுசெல்ல முடிந்தது.

அந்தச் செல்வத்துக்கும் ஒரு பெருஞ்சோதனை வந்தது. இரண்டாவது உலகமகா யுத்தத்தில், 1944 ஒக்டோபரில், சோவியத் படைக்குப் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் வடநோர்வேயின் பின்மார்க் மாகாணத்தை எரித்துக்கொண்டே சென்றனர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பராயின. ஏறக்குறைய 50,000 மக்கள் தெற்கே பெயர்க்கப்பட்டனர். எஞ்சியோர் குகைகளிலும் மண்குடில்களிலும் குளிர்காலத்தைக் கழித்தனர். சாமியர் வாழும் கவுட்டோகெய்னோ என்னும் ஊரின் தேவாலயமும் எரிந்தது. ஓடுவோர் கையில் எடுத்தவை எடுத்தவையாக, எடுக்கமுடியாத பொருள்களைப் பலர் மண்ணிற் புதைத்தனர்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், அதே கவுட்டோகெய்னோவிற்கு வெளியார் இருவர் வந்து குடியமர்ந்தனர். ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த பிராங்க் யூல்ஸ். மற்றவர் அவர் மனைவி றெகீனே, ஜேர்மனியைச் சேர்ந்தவர். 1959 இல் அவர்கள் அங்கே ஒரு வெள்ளிப் பட்டறை தொடங்கினர். மேய்ச்சல் மக்கள் தம் மூதாதையரின் உடைந்த அணிகளைக் கொண்டுவந்து செப்பனிடக் கேட்டனர். செப்பனிடச் செப்பனிடப் பழைய வடிவங்கள் அவர்கள் கைக்குப் பழகின. மறைந்துகொண்டிருந்த மாதிரிகள் மீண்டும் செய்யப்பட்டன. பின்னர் றெகீனே அம்மையார், தம்மைச் சூழ்ந்த துந்திரா நிலத்தின் இயற்கையையே கருவாகக் கொண்டு, ‘துந்திரா’ என்னும் பெயரில் புதிய அணிவரிசையும் படைத்தார்.

ஜேர்மன் படை எரித்த மண்ணிலே, ஜேர்மன் பெண்ணொருத்தி உலைமுன் அமர்ந்து அம்மக்களின் பாட்டிமார் அணிந்த பதக்கத்தைப் பற்றவைத்துக் கொடுத்தாள். சமாதானத்தைப் பற்றி எத்தனையோ உடன்படிக்கைகளை நாம் மாணவருக்குப் பாடமாகச் சொல்லுகின்றோம். இச்செய்தியையும் அவற்றோடு சேர்த்துச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நேயர்களே, உடைந்த அணியை உருக்குதல் எளிது. நிறை பார்த்தால் வெள்ளி அப்படியே இருக்கும். ஆனால் அதைச் செய்த கையும், அணிந்த உடலும், அவர் கடந்த இருளும் உருகிப் போய்விடும். நம் வீட்டுப் பெட்டகத்தின் அடியிலும் கொக்கி அறுந்த கொலுசு ஒன்று, நெளிந்த அரைஞாண் ஒன்று கிடக்கக்கூடும். அதனை நிறுக்கக் கொடுப்பதற்கு முன், செப்பனிட முடியுமா என்று ஊர்ப் பத்தரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.