கடற்கொள்ளையர்களும் பள்ளிப் பிள்ளைகளும்

1729 ஜனவரி 1 அன்று லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் திரை உயர்ந்தபோது, மேடையில் நின்ற வழிப்பறிக்காரன், சிறைக்காவலன், திருட்டு நகை வாங்குபவன் எல்லோருமே சிறுவர் சிறுமியர். அதற்கு முந்தைய ஆண்டு அதே மேடையில் பெரியவர்கள் நடித்து 62 இரவுகள் ஓடிய நாடகம் அது: ஜான் கே எழுதிய ‘பெக்கர்ஸ் ஆபரா’. இத்தாலிய ஆபராவின் பகட்டைக் கிண்டல் செய்து, தெருவில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டுகளுக்குப் புதுச் சொற்கள் போட்டிருந்தார் கே. வசூல் சூடு ஆறுவதற்குள் அரங்க முதலாளி ஜான் ரிச் அதையே பிள்ளைகளை வைத்துப் போட்டார். கேயின் நண்பர் ஜோனத்தன் ஸ்விஃப்டின் ‘கலிவர்’ கதை 1726இல்தான் வெளிவந்திருந்தது. அதில் வரும் குள்ளர்களின் பெயரே இந்தச் சிறுவர் குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் ‘லில்லிபுட்’காரர்கள்.

சிரிப்பு வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய, மேடை கொள்ளாத கோரஸ், கடைசிக் காட்சியில் எல்லோருக்கும் கல்யாணம்: பள்ளி ஆண்டு விழாக்களிலும் இளைஞர் நாடகக் குழுக்களிலும் இன்று நாம் பார்க்கும் இசை நாடகத்தின் இலக்கணம் இது. இந்த வடிவம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றி, ஒரு முறை சென்னை நீதிமன்றம் வரைக்கும் வந்து போயிருக்கிறது. வழியெல்லாம் அதை வளர்த்தவர்கள் நகல் எடுத்தவர்கள்.

லண்டனிலிருந்து பாரிஸுக்குத் தாவுவோம். 1855இல் அங்கே உலகக் கண்காட்சி. ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்து செல்லோ வாசிப்பில் பிழைப்பைத் தொடங்கிய ஜாக் ஆஃபன்பாக், கண்காட்சிக் கூட்டத்தை நம்பி ஷான்ஸ் எலீஸேயில் ஒரு குட்டி அரங்கத்தைத் திறந்தார். பெரிய ஆபரா அரங்குகளுக்குப் போட்டி வந்துவிடக் கூடாது என்று அரசு அவருடைய உரிமத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: பேசிப் பாடும் பாத்திரங்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது. ஆஃபன்பாக் சளைக்கவில்லை. 1857இல் ‘க்ரோக்ஃபெர்’ என்ற நாடகத்தில் கூடுதலாக ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. போரில் அவன் நாக்கு அறுபட்டுவிட்டது என்று கதை கட்டி, அவன் வசனத்தை எல்லாம் அட்டையில் எழுதித் தூக்கிக் காட்ட வைத்தார்! மறு ஆண்டு தடை தளர்ந்ததும் தேவர்கள் கூட்டம் முழுவதையும் மேடையேற்றி ‘பாதாளத்தில் ஆர்ஃபியஸ்’ போட்டார். கேன்-கேன் ஆட்டத்துக்கு உலகமே இன்று வாசிக்கும் மெட்டு அதிலிருந்து வந்ததுதான்.

ஆஃபன்பாக்கின் சரக்கை லண்டன் அரங்குகள் மொழிபெயர்த்து விற்றன. 1875 மார்ச்சில் ராயல்டி அரங்கில் அவருடைய ‘லா பெரிகோல்’ ஓடியது. ஒரு மாலை முழுவதற்கும் அது போதவில்லை. மீதி நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று மேலாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் அலைந்தார். வக்கீல் தொழிலில் சோபிக்காமல் எழுத வந்த டபிள்யூ. எஸ். கில்பர்ட் எழுதிக்கொடுக்க, தேவாலய இசையில் பேர் வாங்கியிருந்த ஆர்தர் சல்லிவன் இசையமைத்தார். நீதிமன்றத்தையே கேலி செய்யும் ‘ட்ரையல் பை ஜூரி’ அப்படிப் பிறந்தது. நாற்பது நிமிட இட்டுநிரப்பல், முக்கிய நாடகத்தையே மறக்கடித்துவிட்டது.

மூவரும் சேர்ந்து 1878 மே 25 அன்று ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். கப்பல் தலைவனும் சாதாரண மாலுமியும் குழந்தைப் பருவத்தில் கைமாறிப்போனவர்கள் என்று கடைசியில் தெரியவரும் கதை. அந்தக் கோடையின் வெக்கையில் அரங்கு காலியாகிக்கொண்டே வந்தது. சல்லிவன் தாம் நடத்திய கச்சேரிகளில் இதன் மெட்டுகளை நுழைத்தார். கச்சேரி கேட்டவர்கள் நாடகத்துக்கு வந்தார்கள். 571 காட்சிகள் ஓடியது. பணம் கொட்டியதும் பங்காளிகளுக்குள் சண்டை. 1879 ஜூலை 31 அன்று, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே முதலீட்டாளர்கள் ஆட்களோடு புகுந்து அரங்கப் பொருட்களைத் தூக்கிப்போக முயன்றார்கள். மேடைத் தொழிலாளர்கள் மல்லுக்கட்டி விரட்டினார்கள். தோற்றவர்கள் வேறு அரங்கில் போட்டிப் ‘பினஃபோர்’ ஒன்றை நடத்திப் பார்த்தார்கள்.

லண்டனில் ஒரு போட்டி நாடகம் என்றால் அமெரிக்காவில் நூற்றைம்பது! 1878 நவம்பர் 25 அன்று பாஸ்டனில் தொடங்கியது அந்தத் தொற்று. வெளிநாட்டு எழுத்தாளருக்கு அப்போது அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. அச்சான பாட்டுப் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் யாரும் நாடகம் போடலாம். நியூயார்க்கில் ஒரே சமயத்தில் எட்டு அரங்குகளில் ‘பினஃபோர்’ ஓடியது. தேவாலயப் பாடகர்கள் போட்டார்கள், சிறுவர்கள் போட்டார்கள். ஒரு காசுகூட கில்பர்ட்டுக்கும் சல்லிவனுக்கும் போகவில்லை. ஆனாலும் நான் அந்தத் திருட்டை முழுமனதோடு வைய மாட்டேன். தொழில்முறை நடிகர் அல்லாதவர்களும் இந்த வடிவத்தைக் கையாளலாம் என்று முதலில் காட்டியது அதுதான். பிலடெல்பியா தேவாலயக் குழுவுக்கு வாத்திய அமைப்பு செய்து நடத்தியவர் ஓர் இளைஞர்: ஜான் ஃபிலிப் சூசா. பிற்பாடு அமெரிக்க அணிவகுப்பு இசையின் அரசன் என்று கொண்டாடப்பட்டவர். அந்தக் குழுவில் இருந்த ஜேன் பெல்லிஸ் என்ற பெண்ணைக் காதலித்து 1879 டிசம்பர் 30 அன்று மணமுடித்தார்.

அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளையை நேரில் தடுக்க கில்பர்ட், சல்லிவன், டாய்லி கார்ட் மூவரும் நியூயார்க் போயிருந்தார்கள். அடுத்த நாடகத்தை அங்கேயே முதலில் மேடையேற்றி, பிரதியை அச்சிடாமல் வைத்தால் அமெரிக்க உரிமை நிற்கும். ஆனால் வெளிநாட்டில் முதலில் நடித்துவிட்டால் இங்கிலாந்தில் மேடை உரிமை போய்விடும். இரண்டையும் காக்க ஒரே வழிதான் இருந்தது. சூசாவின் கல்யாண நாளான அதே டிசம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் பெயிண்டன் என்னும் சிற்றூரின் ராயல் பிஜூ அரங்கில், சுமார் ஐம்பது பேர் முன்னால் புது நாடகம் நடந்தது. நடித்தவர்கள் பக்கத்து டோர்கீயில் ‘பினஃபோர்’ போட்டுக்கொண்டிருந்த ஊர் சுற்றும் குழுவினர். பாடம் முழுதாக ஏறவில்லை. கையில் தாளோடு பாடினார்கள். உடுப்பும் ‘பினஃபோர்’ உடுப்புதான். மாலுமியா கொள்ளையனா என்று தெரிய வேண்டுமே. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டவன் கொள்ளையன். மறுநாள் நியூயார்க்கில் முறையான அரங்கேற்றம். ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ பிறந்த கதை இதுதான். கடற்கொள்ளையரைப் பற்றிய நாடகம், மேடைக் கொள்ளையருக்குப் பயந்து இரண்டு கண்டங்களில் பிறந்தது.

முதல் அங்கத்தின் இசைக்குறிப்புகளை சல்லிவன் லண்டனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நினைவிலிருந்து திரும்ப எழுதினார். பெண்கள் கூட்டம் நுழையும் கோரஸை, 1871இல் கில்பர்ட்டும் அவரும் சேர்ந்து செய்த ‘தெஸ்பிஸ்’ என்ற நாடகத்திலிருந்து எடுத்துவைத்தார். ‘தெஸ்பிஸ்’ இசை பெரும்பாலும் அழிந்துபோனது. இந்தக் கோரஸ் மட்டும் இன்றும் பள்ளி மேடைகளில் கேட்கிறது. கதைதான் பிள்ளைகளுக்கென்றே பின்னியது போல இருக்கும். பையனைக் கப்பல் ‘பைலட்’டிடம் தொழில் பழகச் சேர்க்கச் சொன்னால், காது மந்தமான ஆயா ‘பைரேட்’டிடம் சேர்த்துவிடுகிறாள். 21ஆம் பிறந்தநாள் வரை அடிமைச் சீட்டு. அவன் பிறந்ததோ பிப்ரவரி 29.

பிள்ளைகளுக்குத் திரும்புவோம். பெயிண்டனுக்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 16 அன்று, டாய்லி கார்ட் லண்டனில் முழுக்கச் சிறுவர்களே நடிக்கும் ‘பினஃபோர்’ பகல் காட்சிகளைத் தொடங்கியிருந்தார். கூட்டம் அள்ளியது. 1884 கிறிஸ்துமஸில், முழுக்க மின்விளக்கு போட்ட சவாய் அரங்கில் சிறுவர்களின் ‘பைரேட்ஸ்’. சிறுவர்களின் ‘பினஃபோர்’ பார்த்து மனம் நொந்தவர் லூயிஸ் கரோல். சல்லிவன் தம்முடைய ‘ஆலிஸ்’ பாடல்களுக்கு இசையமைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் கேட்டுப் பார்த்தவர் அவர். கப்பல் தலைவன் வாய்தவறி விடும் வசவைச் சிறுமிகள் சிரித்த முகத்தோடு கோரஸாகப் பாடியதைத் தம்மால் தாங்க முடியவில்லை என்று எழுதினார். எனக்கு அந்த வசவைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் பாடியது கூலிக்கு. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மேடையில் வேலை வாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ் சட்டம் சொன்னது 1889இல்தான்.

தஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஜோசஃப் பொல்லார்ட் 1880இல் தம் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ‘பினஃபோர்’ போட்டார். ‘பொல்லார்ட் லில்லிபுட் ஆபரா கம்பெனி’ என்று பெயர். ஜான் ரிச்சின் பழைய பட்டம் உலகத்தின் மறுகோடியில் முளைத்துவிட்டது. நம் ஊர் பாய்ஸ் கம்பெனியைப் போல, பிள்ளைகள் வீட்டை விட்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார்கள். அப்படி வளர்ந்தவர்களில் சிலர் ஹாலிவுட் சென்று, கம்பெனி பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார்கள். ஊமைப்படக் காலத்து ஸ்னப் பொல்லார்ட், லாரல்-ஹார்டி படங்களில் வந்த டாஃப்னி பொல்லார்ட் இருவரும் அந்தப் பட்டறையில் தேறியவர்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் பொல்லார்ட் ஆஸ்திரேலியப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய பயணம் 1910 தொடக்கத்தில் சென்னையில் முறிந்தது. கொடுமைப்படுத்துகிறார் என்று புகார் எழுந்தது. பிள்ளைகள் அவரோடு போக மாட்டோம் என்று நின்றார்கள். விவகாரம் சென்னை நீதிமன்றம் ஏறியது. ஊருக்குச் செய்தி எட்டியதும் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அதே ஆண்டில் குடியகல்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. நடிப்பதற்காகப் பிள்ளைகளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. கிர்ஸ்டி மர்ரியின் ‘இந்தியா டார்க்’ நாவல் இந்தச் சம்பவத்தை வைத்துப் புனைந்தது. சென்னையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அதிகம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. வேற்றூரில் வேலைநிறுத்தம் செய்து ஒரு தேசத்தின் சட்டத்தை மாற்றிய பிள்ளைகள் அவர்கள்.

பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் தொழில் இப்படி ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, அதே நாடகங்கள் இன்னொரு வாசல் வழியே பள்ளிக்குள் போய்க்கொண்டிருந்தன. அதற்கு வசதியான காரணங்கள் பல. விரசம் இல்லை, கில்பர்ட் அதில் கறாரானவர். பெரிய கோரஸ் இருப்பதால் பாட வராதவனுக்கும் ஒரு தொப்பியும் ஓர் இடமும் கிடைக்கும். வாத்தியக் குழு இல்லாவிட்டால் ஒரு பியானோ போதும். ஆணுக்குப் பெண் வேஷம் கூடாது என்பது கில்பர்ட்டின் கொள்கை. ஆண்கள் பள்ளிகளோ ‘பைரேட்ஸ்’ நாடகத்தில் வரும் தளபதியின் மகள்கள் அத்தனை பேரையும் பாவாடை கட்டிய பையன்களைக் கொண்டே நிரப்பின. ஆனால் பள்ளிகள் உரிமம் வாங்க வேண்டியது டாய்லி கார்ட் கம்பெனியிடம். வாத்தியக் குறிப்புகளையும் அங்கிருந்தே வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. கில்பர்ட் 1911இல் இறந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 1961 முடிவில், பதிப்புரிமை காலாவதியாகி அந்தப் பிடி விலகியது. அதற்குப் பிறகு வெட்டலாம், ஒட்டலாம், காசு கட்ட வேண்டாம்.

பள்ளிக்கென்றே புதிதாக எழுதுகிறவர்களும் இருந்தார்கள். 1968 மார்ச் 1 அன்று லண்டன் கோலட் கோர்ட் பள்ளியில், இசை ஆசிரியர் ஆலன் டாகெட் கேட்டுக்கொண்டதற்காக, டிம் ரைஸும் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் பைபிள் கதையின் யோசேப்புடைய வண்ண அங்கியைப் பற்றி எழுதிய பதினைந்து நிமிடப் பாட்டு நாடகம் அரங்கேறியது. பெற்றோர் கேட்டு மகிழ்ந்த அந்தச் சிறு முயற்சி வளர்ந்து வளர்ந்து பெரிய அரங்குகளை நிரப்பியது. முன்பு பெரியவர் மேடையிலிருந்து பிள்ளைகள் மேடைக்கு இறங்கிய சரக்கு, இம்முறை எதிர்த்திசையில் ஏறியது.

பழைய கொள்ளையர்களும் ஓயவில்லை. 1980 கோடையில் ஜோசஃப் பாப் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ‘பைரேட்ஸ்’ நாடகத்தை ராக் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டையும் கெவின் க்லைனையும் வைத்துத் துள்ளலாக இறக்கினார். பிராட்வேயில் 787 காட்சிகள். ராக் பாட்டு கேட்டு வளர்ந்த மாணவர்கள் இதையும் பாடலாம் என்று ஆசிரியர்களுக்கு அது துணிச்சல் கொடுத்தது.

‘பைரேட்ஸ்’ நாடகத்தில் தளபதி மூச்சுவிடாமல் தம் பெருமையை அடுக்கும் பாட்டின் மெட்டை 1959இல் கணித ஆசிரியர் டாம் லேரர் எடுத்து, அதில் வேதியியல் தனிமங்களின் பெயர்களை வரிசை கட்டிப் பாடினார். வகுப்பறைகளில் மாணவர்கள் இன்றும் அதை ஒப்பிக்கப் போட்டி போடுகிறார்கள். லேரர் 2022இல் தம் பாடல்களின் உரிமை முழுவதையும் துறந்து, யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் பாடலாம், மாற்றலாம், விற்கலாம் என்று அறிவித்துவிட்டார்.